பின்னேரப் பள்ளிக்கூடத்து சென்ரர் போர்வேட்

1

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்கு இந்தக் கோடையோடு பத்து வயது. பெரிய எடுப்பில் ஆண்டு மலர் போடுகிறார்கள். செயலாளர் சிவநேசன் அண்ணை ஒரு சனிக்கிழமை காலை, நான் வேலையால் வந்து கண் அயரும் நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சை பாரும் காணும், முதல் மட்சிலை இருந்து ஒண்டும் விடாமல் பாத்த ஆள் நீர் ஒருத்தர்தான். 'எங்கள் அணி வளர்ந்த கதை' எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாரும். வாசிக்கிற சனம் புழுகவேணும், சந்தோசத்திலை துள்ளவேணும்."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமையே திருப்பி அனுப்பிவிட்டார். "உந்தக் கதையை எப்பிடியப்பா போடுறது? விளம்பரம் தந்த ஆக்களும் எல்லோ வாசிப்பினம்" என்றார். அவர் போடாத கதையைத்தான், இன்னும் கொஞ்சம் உப்புப் புளி கூட்டி, ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் விளம்பரம் தந்தவர்கள் அல்ல. புழுகவேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கல்லூரிக்காக ஒரு நாளும் பந்து உதைத்தவன் அல்ல. பார்க்கிறவன். படிக்கிற காலத்தில் மட்ச் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போவேன். அந்த நாட்களில் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கல்லூரியிடம் நாங்கள் அடி வாங்காத வருடம் கிடையாது. உண்மைப் பெயர்கள் எழுதமாட்டேன். எழுதினால் இங்கே கலியாண வீடுகளில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருந்து சாப்பிடமாட்டார்கள். இரு கல்லூரிக்கும் இடையில் உள்ள தூரம் பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். ஆனால் எங்கள் கல்லூரி வடக்குப் பக்கம், கடலுக்குக் கிட்ட. பட்டினத்தார் எங்களை எப்போதும் தோட்டக்காரப் பெடியள் என்றுதான் பார்த்தார்கள்.

எண்பத்து நான்கில் அந்த வருத்தத்தையும் சேர்த்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். பதினைந்து வருடமாக ஹவுன்ஸ்லோவில் இருக்கிறேன். விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் கிச்சினில் வேலை. பெல்ட்டில் ஓடிவருகிற தட்டில் பாணும் பட்டரும் வைப்பேன். எனக்குப் பக்கத்தில் நிற்கிற பஞ்சாபி மனிசி சலாட் வைப்பா. இராசரத்தினம் என்ற பெயர் மேற்பார்வையாளரின் வாயில் நுழையவில்லை, ஆகவே கிச்சினில் எனக்குப் பெயர் ராஜ். வீட்டில் மகன் பிரதீபனை அவனுடைய சிநேகிதர்கள் பிராட் என்கிறார்கள். மனைவி சாந்தி ஒருத்திதான் அந்த வீட்டில் வைத்த பெயரோடு இருக்கிறாள்.

2

வருடா வருடம் மே மாதத்தில் பாங் ஹொலிடே என்ற பொது விடுமுறைத் திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் லண்டனில் ஒரு மைதானத்தில் கூடும். பழைய மாணவர்கள் கல்லூரிக்கு ஓர் அணியாக விளையாடுவார்கள். ஒரு பக்கம் ரோல்ஸ், கொத்துரொட்டி. இன்னொரு பக்கம் ஒலிபெருக்கியில், கார் வழியை மறித்து நிற்கிறது என்று காரின் இலக்கம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பட்டுச் சேலையோடு புல்லில் இருப்பார்கள். மழை வரும். ஒருவரும் எழும்பமாட்டார்கள்.

முதல் வருடம் எங்கள் அணியைப் பார்த்தால் கலியாணப் பந்தியில் இருந்து பாதியில் எழுப்பிக்கொண்டு வந்த ஆட்கள் போல இருந்தார்கள். கோல் கீப்பர் ஒரு கணக்காளர், கண்ணாடியைக் கழற்றினால் பந்து தெரியாது, கழற்றாவிட்டால் பயம். கப்டன் சிவநேசன் அண்ணை. இடைவேளைக்குப் புல்லில் படுத்தவர் எழும்பவே இல்லை. எட்டுக் கோல் வாங்கினோம். ஒன்பதாவது அடிக்க வந்த பட்டினத்துப் பெடியன் எங்கள் ஆட்களைப் பார்த்துப் பாவப்பட்டுப் பந்தை வெளியே அடித்தான். அந்தப் பாவப்பட்டதுதான் எனக்கு எட்டுக் கோலையும்விடச் சுட்டது.

அதன் பிறகு எங்கள் அணி வளர்ந்தது. சிவநேசன் அண்ணை மலரில் போட விரும்பாத வசனம் இதுதான்: ஊர் குலையக் குலைய எங்கள் அணி திருந்தியது. தொண்ணூறில் கல்லூரி இருந்த பகுதியை முழுதாக இராணுவம் எடுத்தது. சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அடுத்த வருடம் எங்களுக்கு இரண்டு நல்ல பின்வரிசை ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே மழைக்குள் நடந்து இடம்பெயர்ந்தது. அதற்கு அடுத்த கோடையில் நடுவரிசை முழுதும் புதுப் பெடியள். கோல் கீப்பர்கூட ஓர் உண்மையான கோல் கீப்பர். ஊரில் இருந்து ஒரு பெடியன் வந்து இறங்கினான் என்று கேள்விப்பட்டால் சிவநேசன் அண்ணை முதல் கேட்கிற கேள்வி, "எந்த இடத்திலை விளையாடுறவன்?"

நானும் புழுகப்பட்டேன், ஏன் பொய் சொல்ல? எட்டுக் கோல் நாலு ஆனது, பிறகு இரண்டு ஆனது, ஒரு வருடம் அரையிறுதிவரை போனோம். கிச்சினில் பாண் வைத்துக்கொண்டே மனதுக்குள் அணியைப் பிரித்துப் பிரித்து அடுக்குவேன். எங்களுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. கோல் அடிக்க ஆள் இல்லை. பந்தை வாசல்வரை கொண்டுபோய்விட்டு, அழைப்பு மணி அடிக்க வெட்கப்படுகிறவர்கள் மாதிரி நிற்பார்கள்.

3

ரூபனைக் கண்டுபிடித்தவன் நான். சவுத்தாலில் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் பால் வாங்கப் போனேன். கல்லாவில் ஒல்லியாக ஒரு பெடியன் நின்றான், பத்தொன்பது வயது இருக்கும். முகத்தைப் பார்த்தால் நம்முடையது. நம்மவர் வழக்கப்படி ஊர், பள்ளிக்கூடம், தகப்பன் பெயர் மூன்றும் கேட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் பாலை அப்படியே வைத்துவிட்டேன்.

"எங்கடை பள்ளிக்கூடமோ! பந்து அடிப்பீரோ?"

"சென்ரர் போர்வேட் அங்கிள். பதினேழு வயசுக்குக் கீழை ரெண்டு வருசம் விளையாடினனான்."

அடுத்த ஞாயிறு பார்க்கில் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொல்லி வேலை இல்லை. பந்து வந்தால் அவனைத் தேடித்தான் வரும். திரும்பாமலே ஆளை விலத்துவான். இடக்கால் வலக்கால் என்ற பேதம் இல்லை. நிலத்தோடு ஒட்டி அடிப்பான். ஏன் பந்தை உயர்த்தி அடிப்பதில்லை என்று கேட்டேன். "மதிலுக்கு அங்காலை போனால் திருப்பி எடுக்க ஏலாது அங்கிள், பந்து ஒண்டுதான்" என்றான். அந்த ஒரு பந்தையும் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டி ஒட்டி வைத்திருந்தார்களாம். மேலே பிளேன் சுற்றினால் எல்லோரும் குப்புறப் படுப்பார்களாம், போனதும் எழும்பி விட்ட இடத்திலிருந்து ஆடுவார்களாம். குப்புறப் படுத்த மாஸ்டர் எழும்பி ஓவ்சைட் பிடிக்க முந்திப் பந்தோடு ஓடிவிடுவேன் என்று சொல்லிச் சிரித்தான்.

சிவநேசன் அண்ணை ஒன்பதாம் இலக்க ஜேர்சியைக் கையில் கொடுத்த அன்று அவன் அதைப் போடவில்லை. மடியில் வைத்துக் கல்லூரிச் சின்னத்தைத் தடவிக்கொண்டு இருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னான்.

"அங்கிள், எங்கடை வீடு இப்ப இல்லை. ஊருக்குள்ளை போக விடேல்லை. அப்பா செத்தது அகதி முகாமிலை. ஆர் எண்டு கேட்டால் சொல்லுறதுக்கு எனக்கு உந்தப் பள்ளிக்கூடம் ஒண்டுதான் இருக்கு."

அவனுடைய அகதி வழக்கும் அந்த மாதம்தான் முதல் சுற்றில் நிராகரிக்கப்பட்டிருந்தது. நீ சொல்கிற ஊரவன்தான் நீ என்பதை நாங்கள் நம்பவில்லை என்று ஹோம் ஒபிசில் இருந்து எழுதியிருந்தார்களாம். அப்பீல் போட்டிருந்தான். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டான். பயிற்சிக்கு மட்டும் ஒரு நாள் தவறமாட்டான். இரவு ஷிப்ட் முடித்து நேரே வருவான்.

பிரதீபனையும் அந்த நாட்களில் நான் பார்க்குக்கு இழுத்துக்கொண்டு போவேன். பழைய மாணவரின் பிள்ளைகள் இரண்டு பேர் அணியில் இருக்கலாம் என்று ஒரு விதி உண்டு, கையிருப்பில் ஓர் ஆள் என்று அவன் பெயரைப் போட்டிருந்தார்கள். அவனுக்கு இதெல்லாம் பெரிய கரைச்சல். வருவதே ரூபனுக்காகத்தான். ஒருவன் தமிழில் கேட்பான், மற்றவன் இங்கிலிசில் பதில் சொல்வான், இருவருக்கும் எல்லாம் விளங்கும். எனக்கும் மகனுக்கும் அந்த வசதி கிடையாது.

4

போன வருடத்து மே மாதம். ரூபன் வந்த பிறகு முதல் போட்டி. காலையிலேயே இரண்டு ஆட்டத்தில் ஐந்து கோல். பழைய தலைகள் எல்லாம் கதிரையை இழுத்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டன. அரையிறுதியில் அவன் நாலு பேரை விலத்திப் போய் அடித்த கோலைப் பார்த்து எங்கள் கணக்காளர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இறுதியாட்டம், வேறு யார், பட்டினத்துக் கல்லூரியோடு.

இறுதியாட்டத்துக்கு அரை மணி இருக்கும்போது பட்டினத்தாரின் செயலாளர் குலசேகரம் ஆட்சேபம் போட்டார். எங்கள் ஒன்பதாம் இலக்கம் எங்கள் கல்லூரிப் பெடியன் அல்லவாம். இது இங்கே வழமைதான். சான்றிதழ் காட்டு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் யாரிடமும் இல்லை. எரிந்தது, தொலைந்தது, ஓடும்போது விட்டது. ஆகவே தேத்தண்ணிக் கூடாரத்துக்குள் ஆளை இருத்தி, பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். உண்மையாகப் படித்தவன் பதில் சொல்வான் என்பது ஏற்பாடு. எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. போய்ச் சொல்லிவிட்டு வா என்று ரூபனின் முதுகில் தட்டி அனுப்பினேன்.

விசாரித்தவர் ஏற்பாட்டுக் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற டொக்டர், எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவர், மூன்றாவது ஒரு கல்லூரி. எங்கள் கல்லூரியை அவருக்கும் தெரியும். அவருடைய தகப்பனார் அங்கே படிப்பித்தவர்.

"தம்பி, எந்த வருசம் சேர்ந்தனீர்?"

"தொண்ணூத்தொண்டு ஐயா. ஆறாம் வகுப்பு."

"வாசலாலை உள்ளுக்குப் போனால் வலப்பக்கம் என்ன இருக்கு?"

நூலகம். அதற்கு முன்னால் நாகலிங்க மரம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரூபன் சொன்னான், "சைக்கிள் கொட்டில்."

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கிணறு எங்கை?"

"ஒபிசுக்குப் பின்னாலை. சுத்திவரச் சீமெந்துத் தொட்டி. எங்களை அதிலை தண்ணி அள்ள விடமாட்டினம், காலமைப் பெடியளின்ரை வாளி எண்டு. நாங்கள் போத்திலிலை கொண்டு போறது."

குலசேகரம் கதிரை விழ எழும்பினார். "கேட்டியளே! அது எங்கடை கிணறு! எங்கடை சைக்கிள் கொட்டில்! பெடியன் எங்கடை பள்ளிக்கூடம், உவை களவெடுத்துக்கொண்டு வந்து தங்கடை ஜேர்சியைப் போட்டிருக்கினம்!"

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. எங்கள் கல்லூரிக் கட்டடத்தில் தொண்ணூறில் இருந்து இராணுவம் இருக்கிறது. கல்லூரி இடம்பெயர்ந்து பட்டினத்துக் கல்லூரியில்தான் நடந்தது. காலையில் அவர்களுடைய பிள்ளைகள், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு எங்களுடைய பிள்ளைகள். கடிதத்தில் வாசித்திருக்கிறேன். எல்லோரும் வாசித்திருக்கிறோம். வாசித்துவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, நாகலிங்க மரத்தையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ரூபன் பதற்றப்படவில்லை. "இல்லை ஐயா, நான் அவையின்ரை பள்ளிக்கூடம் இல்லை. அவையின்ரை கட்டடத்திலை எங்கடை பள்ளிக்கூடம் நடந்தது. அதிலைதான் நான் படிச்சனான்."

"அது தற்காலிக ஒழுங்குதானே தம்பி" என்றார் டொக்டர்.

"ஏழு வருசம் ஐயா. நான் சேரேக்கையும் தற்காலிகம் எண்டுதான் சொன்னவை. நான் வெளிக்கிடேக்கையும் தற்காலிகம்தான்."

"அப்ப உம்முடைய கல்லூரியை நீர் கண்டதே இல்லையோ?"

"முள்ளுக்கம்பிக்கு இங்காலை நிண்டு ஒருக்கால் பாத்தனான். மரந்தான் தெரிஞ்சது."

அதிபரின் பெயரைக் கேட்டார்கள். சொன்னான். டொக்டர் சிவநேசன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். "உப்பிடி ஒருத்தர் அதிபராய் இருந்தவரோ?"

"எங்கடை காலத்திலை இல்லை" என்றார் சிவநேசன் அண்ணை. அதுவும் உண்மை. எங்கள் காலம் முடிந்த பிறகும் கல்லூரிக்கு ஒரு காலம் இருந்தது என்பது அவருக்குச் சட்டென்று வாயில் வரவில்லை.

பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்தார்கள். 'கல்லூரி வளாகத்தினுள் கல்வி கற்றிருத்தல் வேண்டும்.' இந்த வசனத்தை எழுதியவர்கள் எங்கள் ஆட்கள்! சில வருடங்களுக்கு முன் பட்டினத்தார் தங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் ரியூஷன் கொடுக்கிற ரியூட்டரியில் மட்டும் படித்த ஒருவனை இறக்கி எங்களை வென்றார்கள். அந்தக் கோபத்தில் சிவநேசன் அண்ணை இரவிரவாய் இருந்து எழுதிக் கொண்டுபோய்ப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிய விதி. அன்று எல்லோரும் கைதட்டினோம்.

நான் சும்மா நிற்கவில்லை. "டொக்டர், பள்ளிக்கூடம் எண்டுறது சுவரோ? வாத்திமார் இருந்தவை, பிள்ளையள் இருந்தவை, ரீம் இருந்தது. ஆமிக்காரன் சுவரைத்தான் பிடிச்சவன்!"

"உணர்ச்சிவசப்படாதையும். விதி எண்டால் விதி."

குலசேகரத்துக்கு அந்த நேரத்திலும் ஓர் ஆசை. "அப்ப எங்கடை வளாகத்திலை படிச்ச பெடியன்தானே, எங்களுக்கு விளையாடட்டும்" என்றார். "உங்கடை வரவு இடாப்பிலை பேர் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார். இல்லை. அப்படியென்றால் அதுவும் சரிவராது. ஒரு பெடியன் ஏழு வருடம் படித்திருக்கிறான், ஆனால் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை என்று தேத்தண்ணி ஆற முதல் குழுவினர் கை உயர்த்தி முடிவாக்கிவிட்டார்கள்.

ரூபன் எழும்பினான். யாரையும் குறைவாகப் பேசவில்லை.

"ஹோம் ஒபிசிலையும் இப்பிடித்தான் கேட்டவங்கள் ஐயா. சந்தியிலை என்ன கடை, கோயிலடியிலை என்ன மரம் எண்டு. நான் பத்து வயசிலை விட்டுட்டு வந்த ஊர், சிலது தெரியேல்லை. அவங்கள் நம்பேல்லை. அவங்கள் வெள்ளைக்காரர், விட்டிட்டன். எங்கடை ஆக்களுக்குச் சொன்னால் விளங்கும் எண்டு நினைச்சன்."

ஜேர்சியைக் கழற்றி மேசையில் வைத்தான். கூடாரத்துக்குள் ஒருவர் இருமினார். வெளியே ஒலிபெருக்கி ஏதோ ஒரு சிவப்பு நிசானின் இலக்கத்தை வாசித்தது.

5

சிவநேசன் அண்ணை என் காதுக்குள் வந்து சொன்னார், "கரைச்சல் குடுத்தால் எங்களை முழுதாய் வெளியிலை போட்டிடுவாங்கள் காணும். இவ்வளவு தூரம் வந்திட்டம். உம்மடை பெடியன் நிக்கிறான்தானே."

என்னிடம் கேட்டதாக நினைத்து நான் வாயைத் திறக்க முன்னமே அவர் ஜேர்சியோடு பிரதீபனிடம் போய்விட்டார். அது ரூபனின் வேர்வையில் நனைந்திருந்தது. பிரதீபன் அதை வாங்காமல் என்னைப் பார்த்தான்.

"அப்பா, திஸ் இஸ் கிறேஸி. அவர்தானே ஸ்கூலுக்குப் போனது? நான் ஸ்ரீலங்காவே பாக்கேல்லை."

"விதி அப்பிடி, தம்பி" என்று சிவநேசன் அண்ணைதான் பதில் சொன்னார். "நீர் எங்கடை பிள்ளை."

ரூபன் அவனுடைய தோளில் கைவைத்து, "போய் அடி மச்சான்" என்றான். அவன் சொன்னதால் போட்டான். வேறு யார் சொல்லியும் போட்டிருக்கமாட்டான்.

ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் மலரில் விரிவாக வரும், ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கடைசி நேரம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. எங்கள் ஆள் ஒருவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, என் மகனின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அவன் அந்த நேரம் கார் நிறுத்துமிடப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். விசில். எங்கள் சனம் கயிற்றைத் தாண்டி ஓடியது. கணக்காளர் இரண்டாந்தரம் அழுதார். நாங்கள் பட்டினத்துக் கல்லூரியை வென்றுவிட்டோம். சைக்கிள் மிதித்த காலத்தில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அது வந்து முன்னால் நிற்கிறது, எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை. ஒரு சதத்துக்கும் சந்தோசம் இல்லை.

கப்பைக் கொடுக்கும்போது டொக்டர் பேசினார். இங்கே பிறந்த இளைய தலைமுறை தன் வேரைத் தேடி வந்து கல்லூரிக்குப் பெருமை சேர்த்திருக்கிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாந்தி பக்கத்தில் இருந்த பெண்களுக்கு மகனைக் காட்டினாள். அவளுக்குக் கூடாரத்துக் கதை அப்போது தெரியாது. பிரதீபன் கப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். படத்தில் பார்த்தால் யாரோ தன்னுடைய பையைக் கொஞ்ச நேரம் பிடி என்று கொடுத்துவிட்டுப் போனதுபோல நிற்கிறான்.

ரூபனைத் தேடினேன். இடைவேளைக்கு முந்தியே போய்விட்டான் என்றார்கள். கார் நிறுத்துமிடத்தில் ரோல்ஸ் விற்ற மனிசி கண்டவவாம். "அந்த ஒல்லிப் பெடியனோ? பஸ் எந்தப் பக்கம் எண்டு கேட்டுக்கொண்டு போனது. சாப்பிடச் சொன்னன், வேண்டாம் எண்டிட்டுது."

பிரதீபன் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது ஒரு வசனம் சொன்னான். தமிழில்தான் சொன்னான், எனக்கு வடிவாக விளங்கவேண்டும் என்று நினைத்திருப்பான் போல. "நான் இனி வரமாட்டன் அப்பா." அதற்குப் பிறகு சங்கத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் அவன் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. வா என்று சொல்ல என்னிடம் என்ன காரணம் மிச்சம் இருந்தது?

6

நியாயத்தைச் சொல்லவேண்டும், விதியைத் திருத்தினார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் வேறு இடங்களில் கற்றவர்களும் கல்லூரியின் மாணவர்களே என்று மார்கழிப் பொதுக்கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேற்றினார்கள். குலசேகரமே ஆமோதித்தார். நல்ல மனிசர், பிள்ளையள் மேல் இரக்கம் உள்ளவர் என்று எல்லோரும் அவரை மெச்சினார்கள். கூட்டம் முடிந்து வடை சாப்பிட்டோம். ரூபனுக்குத் திரும்ப ஜேர்சி கொடுக்கலாம் என்று சிவநேசன் அண்ணை புழுகத்தோடு சொன்னார். "அவன் வந்தால் இனிப் பத்து வருசத்துக்கு எங்களை அசைக்க ஏலாது காணும்!"

அவர் எடுத்த தொலைபேசிக்குப் பதில் இல்லை. நானே சவுத்தாலுக்குப் போனேன். அவன் கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். கண்டதும் சிரித்தான், சாந்தி ஆன்ரி எப்படி என்று கேட்டான். விதி மாறியதைச் சொன்னேன். நீர் எங்கள் கல்லூரிதான் என்று இப்போது எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே என் வாய் எனக்கு நாறியது.

"கோவம் ஒண்டும் இல்லை அங்கிள். அந்தக் கூடாரத்திலை நான் படிச்சனானோ இல்லையோ எண்டு கை உயர்த்தி முடிவெடுத்தவை. இப்ப படிச்சனான் எண்டு திருப்பிக் கை உயர்த்தியிருக்கினம். நாளைக்கு இன்னொருக்கால் உயர்த்துவினம். எனக்கு ஏலாது."

"அப்ப பந்து?"

"பந்து அடிக்கிறன். பிரதீபன் சொல்லேல்லையே?"

என் மகன் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு கேட்டபோது, "அப்பா, ஹி இஸ் அன்ரியல். கம் அண்ட் ஸீ" என்றான். ஹவுன்ஸ்லோ பக்கம் ஒரு பப் அணி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடுகிறார்கள். கூரை வேய்கிற ஐரிஷ்காரன் ஒருவன், இரண்டு பஞ்சாபிகள், சோமாலியர் ஒருவர், முதல் நாள் குடித்தது இன்னும் இறங்காத வெள்ளைக்காரர்கள் சிலர். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நித்திரை கொள்ளாமல் மகனோடு போனேன். அவனே என்னைக் கூப்பிட்டது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. மழைத் தூறல், கரையில் பார்க்கிறவர்கள் ஐந்தாறு பேர், ஒரு நாய்.

ரூபனிடம் இங்கே என்ன கேட்டார்கள் என்று பிரதீபனை விசாரித்தேன். "என்ன சைஸ் பூட்ஸ் எண்டு கேட்டவை" என்றான்.

அப்பீல் முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் அவன் இங்கே இருப்பானோ அனுப்பப்படுவானோ தெரியாது. ஆட்டத்தில் அது தெரியவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஐரிஷ்காரன் நீளமாக ஒரு பந்து போட்டான். ரூபன் திரும்பாமலே ஒருவனை விலத்தி, நிலத்தோடு ஒட்டி இழுத்து அடித்தான். வலை குலுங்கியது. என்னையறியாமல், இரண்டு கையையும் உயர்த்தி, கல்லூரியின் பெயரைச் சொல்லிப் பலமாகக் கத்திவிட்டேன். நாய் குரைத்தது. வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். பிரதீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

ரூபன் நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடாமல் கரைக்கு வந்தான். மூச்சு வாங்கியது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, மெல்லமாகத்தான் சொன்னான்.

"அங்கிள், என்ரை பேரைச் சொல்லிக் கத்துங்கோ. அது போதும்."